பாட்டில் கணக்கு

புயல் போய் எட்டு நாள்.
சேன் பெனுவாவில் குழாயைத் திறந்தால்
தேநீர் நிறத்தில் மண் வருகிறது.
கழுத்தில் அட்டை, கையில் நோட்டு,
என் பங்குக்கு ஒரு தெரு, நாற்பத்தோரு வீடு.
கதவைத் தட்டி
எத்தனை பேர், எத்தனை பாட்டில்
கேட்டு எழுத வேண்டும்.

கேட்பது யார்?
சாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில்
குழு விவாதம் நடந்த அன்று
ஒன்பது பேர் பேச
பத்தாவது நாற்காலியாக இருந்தவள்.
ஒரு வாக்கியத்தை மனசுக்குள் இஸ்திரி போட்டு
பிசகில்லாமல் மடித்து எடுத்து வருவதற்குள்
பேச்சு அடுத்த ஊர் போயிருக்கும்.

இங்கே இஸ்திரி போட மின்சாரம் இல்லை.

முதல் வீட்டில் நாய்.
சும்மா இரு என்றேன், தமிழில்தான்.
கேட்டுக்கொண்டது.
பின்னால் வந்தவரிடம்
கைவசமிருந்த ஒரே கிரியோல் சொல்லை நீட்டினேன்:
தோலோ?
தண்ணீர். அவ்வளவே.
வினையில்லை, விகுதியில்லை, மரியாதையும் இல்லை.
நாலு விரல் காட்டினார். எழுதினேன்.

பதினோராம் வீட்டில் சறுக்கியது.
ஆறுக்கு சிஸ், பத்துக்கு திஸ்,
லாரிக்காரனிடம் மாற்றிக் கத்திவிட்டேன்.
ஆறு கேட்ட மதாம் ஹோஆரோ வாசலில்
பத்து இறங்கியது.
அந்த வீட்டில் மட்டும்
என் உச்சரிப்பை யாரும் திருத்தவில்லை.

இருபத்தாறில் ஒரு பையன்,
பன்னிரண்டு வயசிருக்கும், நோட்டை எட்டிப் பார்த்தான்.
வீட்டுப் பெயரை நரசிங்கம் என்று எழுதியிருந்தேன்.
நரசிகேன், என்றான்.
இல்லப்பா, எங்க ஊர்ல இது
நரசிகேன்.
தபால் பெட்டியை விரலால் தட்டிக் காட்டினான்.
கப்பலிலிருந்து இறங்கியவன் ஏதோ சொல்ல
எழுதியவன் காதில் ஏதோ விழுந்து
தப்பாகவே பதிவான பெயர்.
நாலைந்து தலைமுறையாக
மழையிலும் அழியாத பெயின்டில்
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.
என் எழுத்தைத்தான் அடித்தேன்.

அதற்கப்புறம் தட்டிய கதவுகளில்
நானே முந்திக்கொண்டேன்.
கொமான் இ லே? எப்படி இருக்கீங்க?
தகரம் பறந்த கூரைக்குக் கீழேயிருந்து
லே லா, என்பார்கள்.
இருக்கு. இதோ. அப்படியே இருக்கு.

தேறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நேற்று ராத்திரி துறைத்தலைவர் அழைத்தார்,
சான்றிதழ் விஷயமாக.
ஹவ் ஆர் யூ என்றதும்
தொண்டையில் அதே பழைய கல்.
ஒரு விநாடி, இரண்டு, மூன்று.
லே லா, என்றேன்.
வாட்?
இன்னொரு தடவை சொன்னேன்,
நாய் குரைக்கும் தெருவில் சொல்கிற சத்தத்தில்.