கட்டிலுக்கு இரண்டு ஷிப்ட்

பத்தொன்பது நாள் என்று சொல்லித்தான் வந்தார்கள்.
லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி.
பெட்டி இரண்டையும் எலிசேயுவே தூக்கினார்,
மாடிக்கு ஒருமுறை நின்று
மூச்சு வாங்குவதை மறைக்க
சுவரில் ஒட்டிய குப்பை அட்டவணையைப்
படிப்பதுபோல் பார்த்தார்.
அவருக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாது.
பதினோரு வருடமாய் எனக்குப் பாதி தெரியும்.

ஹமாமட்சுவில் எங்கள் வீடு
ஒன்றரை அறை, ஒரு சமையல் இடுக்கு.
குளியல் தொட்டியில் உட்கார்ந்தால்
முழங்கால் மோவாயை இடிக்கும்.
சபையில் கை தூக்கியவள் ரோசிலேனி.
எங்கே படுக்க வைப்பது என்றேன்.
"ராத்திரி நீதான் இல்லையே,
நான் பாப்பாகிட்ட படுத்துக்கறேன்."

உண்மைதான்.
இரவு எட்டு முதல் காலை ஐந்து வரை
நான் பிரேக் தட்டுகளுக்குச் சொந்தம்.
திரும்பி வரும்போது
விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு
முதல் பேருந்துக்குக் கிளம்பியிருப்பார்கள்,
பிரேசில்காரர்கள் வேலை பார்க்கும் வாசல்களில் நிற்க.
நான் அவர்கள் சூட்டில் படுப்பேன்.
இரவில் அவர்கள் என் சூட்டில்.
ஓவர்டைம் கூலி கேட்டுக் கட்டில் முனகியது.
ஞாயிறு இரவுகளில் மட்டும்
நான் சமையல் தரையில்,
தலைமாட்டில் உறுமும் ஃப்ரிட்ஜோடு.

நான் விசுவாசி இல்லை.
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
நோயெமியா சிரித்துக்கொண்டே
பீன்ஸில் இன்னும் நாலு பல் பூண்டு போட்டாள்.
பாட்டைக்கூட வாய் திறக்காமல்தான் பாடினார்கள்,
கீழ்வீட்டு குரோகாவா அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாள் என்று.
கடவுளுக்குக் கேட்டதா தெரியாது.
குரோகாவாவுக்குக் கேட்டது.
தட்டினாள்.

ஆறாம் நாள் தலையணை ஈரமாய் இருந்தது.
தலைக்குக் குளித்திருப்பார்கள் என்று
திருப்பிப் போட்டுப் படுத்தேன்.
எட்டாம் நாளும் ஈரம்.
பத்தாம் நாள் இரண்டு பக்கமும்.
சுவரோரத் தலையணை மட்டும்தான்.
சுவரோரம் படுப்பது யார் என்று
யாரிடம் கேட்பது?
இந்த வீட்டில் ஒரு கேள்வி கிளம்பினால்
நாலு சுவரிலும் முட்டி
சாப்பாட்டு மேஜைக்கே வந்து உட்காரும்.

பன்னிரண்டாம் நாள்
உறையைச் சரிசெய்தபோது கையில் பட்டது
நான்காய் மடித்த தாள்.
பென்சிலில் பெயர்கள்,
பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு.
ஜுராசி, முழங்கால்.
தெல்மா, விசா.
ரோசிலேனி, அம்மாவின் கண்.
கீழ்வீடு, கோபமா தனிமையா?
வால்தெசிர், தூக்கம்.

தூக்கம்.
பாவம், இரட்சிப்பு, மனந்திரும்புதல்
எதுவுமில்லை.
எனக்காக அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

கடைசியில் தாவி.
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
எழுதி அழித்த தடம்கூட இல்லை.
தாள் அந்த இடத்தில் மட்டும்
விரல் பட்டுப் பட்டுத்
துணியாகியிருந்தது.

மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தேன்.
அன்று பகல் முழுக்க விழித்துக் கிடந்தேன்,
எனக்காகக் கேட்டவர்களுக்குத்
துரோகம் செய்கிறவனைப் போல.

இரவு மூன்று மணி இடைவேளை.
வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸுக்கு
மற்றவர்கள் மூன்று நிமிடம் எண்ணும்போது
ஆறாம் எந்திரத்தின் பின்னால் போய்
அந்தப் பெயரைச் சொன்னேன்.
ஜெபம் இல்லை.
ஜெபம் எங்கே தொடங்கும் என்பது மறந்தே போயிற்று.
பெயரை மட்டும், ஒரு தடவை.
காதடைப்பானுக்குள்
என் குரல் யாருடையதோ போல் கேட்டது.
திரும்பி வந்தால் நூடுல்ஸ் ஊறிக் கூழ்.

போகிற அன்று பெட்டிகளை நான் இறக்கினேன்.
மூன்றாம் மாடியில் குரோகாவாவின் கதவு
ஒரு விரலளவு திறந்திருந்தது.
எலிசேயு மறுபடியும் அட்டவணை முன் நின்றார்,
இறங்கும்போது மூச்சு வாங்காதே.
நான் படித்துக் காட்டினேன்:
செவ்வாய், எரியும் குப்பை.
வியாழன், கண்ணாடி.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
"தூங்கினீங்களா?" என்றாள் நோயெமியா.
நல்லாத் தூங்கினேன் என்றேன்.

மேலே வந்தபோது ரோசிலேனி
விரிப்பு, போர்வை, உறை எல்லாவற்றையும் உருவி
பால்கனிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
சுவரோரத் தலையணையை விட்டுடு என்றேன்.
தொட்டுப் பார்த்தாள்.
"காஞ்சுதானே இருக்கு?"