நாற்பது வினாடி

கிளெர்மோன் நகரில் தேவாலயம்கூடக் கறுப்பு, எரிமலைக் கல்.
மழைநாளில் பல்கலைக்கழகம்
நனைந்த சிலேட்டுப்போலக் கிடக்கும்.
மூன்றாம் மாடி, வியாழன், காலை எட்டு:
பிரெஞ்சுமொழிச் சினிமா.
புரொஜெக்டர் சூடேற ஏழு நிமிஷம்,
அதற்குள் வருகைப்பதிவு.

படம் செனகலில் எடுத்தது.
சேன் லூயி கடற்கரையில் ஒரு மீன்காரி
கேமராவைப் பார்த்து
நாற்பது வினாடி கத்துகிறாள்.
கீழே பிரெஞ்சில் ஒரே வரி:
'இன்றைக்கு இல்லை.'

அந்த வரியை எதிர்த்துத்தான்
நான் டாக்டர் செய்னபு தியாவ் ஆனேன்.
இத்தனை வொலோஃப் பேச்சை
இரண்டு சொல்லாய் நறுக்கியவன் யார் என்று
நானூற்றுப் பத்துப் பக்கம் கேட்டேன்.
தற்காலிக வேலை ஆறு வருஷம்,
லியோனுக்கு விடியல் ரயில், மடியில் விடைத்தாள்,
கோட்டுப் பையில் பாதி சாண்ட்விச்.
பிறகு நிரந்தரம்.
பிறகு கியூபெக், ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ்.
போன இடமெல்லாம் அவளைக் கூட்டிப்போனேன்,
கத்த வைத்தேன், நிறுத்தினேன்,
லேசர் புள்ளியை அவள் உதட்டில் வைத்து விளக்கினேன்.
காற்று தின்ற ஒலித்தடத்தில்
தெளிவாய்க் கேட்பது ஒரே சொல்:
யாய்.
அம்மா.
படம்பிடிப்பவனின் தாயை இழுத்து வைகிறாள்
என்று எழுதினேன்.
டாக்கரில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?
கைதட்டினார்கள்.

போன வியாழன் கடைசி வரிசையில்
மகெத் என்ற பையன், முதலாண்டு,
கட்டுரையில் இருபதுக்கு ஒன்பது வாங்கியவன்,
இன்னொரு முறை போடுங்கள் மேடம் என்றான்.
போட்டேன்.
இன்னொரு முறை.
"வையவில்லை. அது படகின் பெயர்.
யாய் பிந்தா. எங்கள் தெருப் படகு,
தாத்தாவின் அண்ணன் அதில்தான் போனார்.
கேமராவை அவள் பார்க்கவே இல்லை.
அதற்குப் பின்னால் கடல் இருக்கிறது."

நிறுத்திவைத்த திரையில்
அந்த வரி நின்றது.
இன்றைக்கு இல்லை.
பெயர் போடாத அந்த மொழிபெயர்ப்பாளன்
கரையில் யாரிடமாவது கேட்டிருப்பான்.
பத்தொன்பது வருஷம்
நான் கேட்கவில்லை.

பேராசிரியர் பதவிக் கோப்பு
திங்களன்று போக வேண்டும்.
சாயங்காலம் நூலகத்தில் என் ஆய்வேட்டை எடுத்து
எண்பத்து நான்காம் பக்கத்தை
பென்சிலால் குறுக்கே அடித்தேன்.
பொதுப் பிரதி. கிறுக்கினால் பன்னிரண்டு யூரோ.
சில்லறையாகவே கட்டினேன்.
ரசீதைக் கோப்பில் செருகினேன்.