கடிதங்களில் இருந்தவள்

மபூட்டோ விமான நிலையத்தில்
தம்பிக்கு என்னைத் தெரியவில்லை.
நான்தான் கண்டுபிடித்தேன்,
போட்டிருந்த சட்டையை வைத்து.
போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பியது.
இரண்டு அளவு சிறியது,
என் மனதில் இருந்த பையனுக்கு எடுத்தது.

"பொறியாளர் வந்தாச்சு" என்றான் ஆர்மிந்தோ,
டாக்சிக்காரனிடம்,
சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு தூங்கியவனை எழுப்பி அவனிடம்,
சமன்குலோவில் எங்கள் தகரக் கதவு திறக்குமுன்
எதிர்வீட்டு ரொட்டிக்காரியிடம்.
நான் மறுக்கவில்லை.
எட்டு வருடமாக
நானே எழுதி அனுப்பிய செய்திதான் அது.

சாக்சனியில் ஒரு நூற்பாலை.
எட்டாம் வரிசை என்னுடையது.
நூல் அறும். பிடித்து முடிய வேண்டும்.
அவ்வளவுதான் படிப்பு.
இரவு ஷிஃப்டின் இரைச்சலில்
எந்த மொழிக்கும் வேலையில்லை,
மேற்பார்வைக்காரி க்ரோய்ட்ஸ்மான் கையால் பேசுவாள்.
இரண்டு விரல்: அந்தப் பக்கம் அறுந்திருக்கிறது.
விரித்த கை: தேநீர், ஐந்து நிமிடம்.
வயிற்றின் மேல் கை வைத்தால்
யாருக்கோ நாள் தள்ளிப் போயிருக்கிறது,
திங்கட்கிழமை விமானம்.
அப்படித்தான் போனாள் ரொசாரியா.
அவள் தலையணைச் சூடு ஆறுமுன்
வேறொருத்தி வந்து படுத்தாள்.

இதையா எழுதுவேன் அம்மாவுக்கு?
பனி விழுகிறது என்று எழுதினேன்.
படிப்பு நன்றாகப் போகிறது என்று எழுதினேன்.
இரண்டில் ஒன்று உண்மை.
எல்லாக் கடிதத்திலும் அதே கணக்கு.

பிறகு சுவர் விழுந்தது.
எல்லோரும் கட்டிப்பிடித்து அழுத அடுத்த மாதங்களில்
எங்கள் நூலை வாங்க ஆளில்லாமல் போனது.
ஒரு தாள், ஒரு கையெழுத்து.
பிடித்து வைத்த சம்பளம்
ஊரில் கிடைக்கும் என்றார்கள்.
ஊரில், அலுவலக வாசலில்,
நாளைக்கு வா என்றார்கள்.
வரிசையில் நின்ற எல்லோரும்
சுத்தமான ஜெர்மனில் திட்டினோம்.
காவலாளி சிரித்தான், வாழ்த்து என்று நினைத்து.

என் மரப்பெட்டி கப்பலில் வந்தது
நாற்பது நாள் கழித்து:
குளிர்பெட்டி, தையல் மெஷின், முப்பது சோப்பு.
மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்த வாரம் அது.
குளிர்பெட்டிக்குள் அம்மா அரிசியைக் கொட்டி வைத்தாள்.
எலி நுழையாத முதல் அலமாரி
அந்த வீட்டில்.

ஒரு ஞாயிறு
தெருவின் கைப்பம்ப் நின்றது.
என்னைக் கூட்டிவந்தார்கள்.
துறைமுகத்தில் வேலை பார்த்த செஃபெரினோ
ஸ்பேனரை நீட்டினான்.
கழற்றினேன்.
எவ்வளவு கழற்ற முடியுமோ அவ்வளவும்.
துருவேறிய துண்டுகளைத் துணியில் வரிசையாக வைத்தேன்,
சின்னது முதல் பெரியது வரை,
மிக அழகாக.
வைத்து முடித்த பிறகு
செய்வதற்கு ஒன்றுமில்லை.

வெயில். நாற்பது பேர். காலி டின்கள்.
"நான் பொறியாளர் இல்லை."
முதலில் ஜெர்மனில் வந்துவிட்டது.
போர்ச்சுகீசில் இன்னொரு தடவை.
மூன்றாவதாக, அம்மா பக்கம் திரும்பி,
ரோங்காவில்.
அந்த மொழியில்தான் அது பொய் என்று தெரிந்தது,
எட்டு வருடமும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
தன் டின்னை ஒரு அடி முன்னால் நகர்த்தினாள்,
வரிசையில் இடம் போய்விடாமல்.

செஃபெரினோதான் திரும்ப மாட்டினான்,
மாலை வரை, கெட்ட வார்த்தைகளோடு.
இரண்டு திருகு மிஞ்சியது.
தண்ணீர் வந்தது,
முதலில் தேநீர் நிறத்தில்.

அந்தத் திருகுகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன,
அரிசிக்குப் பக்கத்தில்.
எங்கே மாட்டுவதென்று யாருக்கும் தெரியாது,
தூக்கிப் போடவும் பயம்.

ரொட்டிக்காரி இன்றைக்கும்
பொறியாளரே என்றுதான் கூப்பிடுகிறாள்.
பாக்கி கேட்கும்போது மட்டும்
ஃபெலிஸ்மினா.