பதினெட்டு ஒட்டு

மரியதாஸ் கடையில் பாட்டைக் கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை.
கரண்ட் போய் நாலாவது வருஷம்.
பற்றிக்குத் தடை.
"அட்டையைப் பார், பிடிச்சா எடு.
வீட்டை போய்க் கேட்டுப்போட்டு
என்னட்டை வந்து அழாதை" என்பார்.

ஸ்ரான்லி வீதியில் நான் சைக்கிள் ரியூப் ஒட்டுகிறவன்.
ஒட்டுக்கு ஐந்து ரூபா,
கசெற்றுக்குத் தொண்ணூறு.
என் கணக்கில்
ஒரு கசெற் என்பது பதினெட்டு ஒட்டு:
நெருஞ்சி முள், லாட ஆணி, உடைந்த சோடாப் போத்தல்.
காற்றுப் போனதை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்தால்
முகத்தில் கவலையை வைத்துக்கொண்டு
உள்ளுக்குள் ஏழு என்பேன்,
பின்னேரம் எட்டு என்பேன்.
தபால்காரர் கந்தப்புவின் பின்சில்லுக்கு
நான் நிறையக் கடமைப்பட்டவன்.

மாசியில்
கிளாலியால் வந்த மூட்டை ஒன்று கடலில் நனைந்திருந்தது.
அட்டைகளை உப்புத் தின்றுவிட்டது.
நான் எடுத்ததில் மிச்சமிருந்தது
ஒரு முழங்கை,
ஏதோ வாத்தியத்தின் கழுத்து,
கொக்கி கொக்கியாய் நாலு எழுத்து.
"எந்த நாட்டுப் பாட்டண்ணை?"
"பாட்டோ பிரசங்கமோ, ஆருக்குத் தெரியும்."
"பிரசங்கமெண்டா அரைவிலை தாங்கோ."
"பிரசங்கமெண்டா இன்னும் கூட" என்று
தொண்ணூறையும் எண்ணி வாங்கினார்.

சட்டைப் பையில் அதை வைத்து
நாவற்குழிப் பக்கமாய் மிதித்த அந்த மூன்று மைல்!
அதற்குள் எதுவும் இருக்கலாம்.
கல்யாண வீடு இருக்கலாம், செத்த வீடு இருக்கலாம்,
நூறு வயலின் இருக்கலாம்,
ஒருவன் தொண்டையைச் செருமிவிட்டு
ஒன்றும் பாடாமலே போயிருக்கலாம்.
கேட்ட பிறகு அது ஒன்றுதான்.
அதனால் மெதுவாகவே மிதித்தேன்,
எதிர்க்காற்று என்று எனக்கே பொய் சொல்லி.

இரவு, சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி,
டைனமோவைச் சில்லோடு சாய்த்து,
வயரை றேடியோவுக்குள் கொடுத்தோம்.
நிமலேந்திரன் சீற்றில் ஏறினான்.
முதலில் இரைச்சல்,
பிறகு கம்பி ஒன்றை யாரோ சுண்டினார்கள்,
பிறகு ஒரு பெண்.

அப்படி ஒரு குரலை
நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை,
எதிர்பார்க்காமல் இருக்கவும் இல்லை.
அவள் மேலே போய், இன்னும் மேலே போய்,
அங்கே திரும்புகிற இடத்தில்
வாயைப் பிளந்தபடி நிமலேந்திரன் மிதிப்பதை நிறுத்திவிட்டான்.
அவளும் கீழே விழுந்து,
ஆம்பிளைக் குரலாகி,
மாடாகி, நின்றுபோனாள்.
"மிதியடா!"
"கேக்க விடடா!"
"கேக்கிறதெண்டால் மிதியடா!"
திரும்பச் சுற்றினோம்.
அதே இடத்தில் திரும்பவும் நின்றான்.
நான் ஏறினேன்.
நானும் நின்றேன்.

அந்தத் திருப்பத்துக்கு அப்பால் என்ன என்று தெரிய
நாலு இரவு பிடித்தது.

வேகமாய் மிதித்தால் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.
களைத்தால் விதவை.
சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு முப்பது வயது என்று
நாங்கள் ஒருமாதிரி முடிவுகட்டினோம்.

ஐப்பசியில் ஊரே எழும்பி நடந்தபோது
ஒட்டுப் பெட்டிக்குள்ளே,
சொலூசன் ரியூபுக்கும் அரத்துக்கும் நடுவில் அவளும் வந்தாள்.
கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாங்கின் கீழ்
ஆறு மாதம் பேசாமல் கிடந்தாள்.

கரண்ட் திரும்ப வந்த கிழமை
சுவரில் செருகினோம்.
முதல் தடவையாய் அவள் தன் வேகத்தில் பாடினாள்.
எங்களுக்குத் தெரிந்த பெண் இல்லை.
நாற்பதைத் தாண்டியவள், அவசரமில்லாதவள்.
மூன்றாவது பாட்டில் இருமுகிறாள்,
இவ்வளவு நாளும் அதைச் செயினின் சத்தம் என்று நினைத்திருந்தோம்.
அதே தொண்ணூறு ரூபாவுக்கு
கேளாத கசெற் ஒன்று திரும்பவும் கைக்கு வந்ததுபோல
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

திருப்பம் வந்தது.
நிற்காமல் தாண்டிப் போனாள்.
கதிரையில் இருந்த நிமலேந்திரனின் வலது கால் மட்டும்
நிலத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.