திரும்பச் சொன்னவ

கோப்பு இலக்கம் நாற்பத்தேழில் முடிகிறது.
படங்கள் ஒன்பது. ஏழாவதில்
படகு இறக்கும் சரிவில் மூக்குக் குத்தி நிற்கிறது
சாம்பல் நிற டொயோட்டா.
முன்சில்லுகள் இரண்டும் ஏரியின் உறைதோலை உடைத்து
முழங்காலளவு தண்ணீருக்குள்.
பின்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர்,
அவர் மட்டும் நேராகத்தான் இருக்கிறார்.

பீட்டர்பரோவுக்கு வடக்கே, பெப்ரவரி, மாலை ஆறு பத்து.
ஸ்காபரோவிலிருந்து
பழைய ஸ்னோ ப்ளோயர் ஒன்றை
நானூறு டொலருக்குப் பேசி முடித்து
எடுக்கப் போன இருவர்.
குகநேசன், ஐம்பத்து மூன்று, சாரதி.
தவமலர், பக்கத்து இருக்கை.

யாரில் பிழை என்று எழுதுவது என் தொழில்.
படிவத்தில் பெட்டிகள் உண்டு.
எல்லாம் கூட்டினால் நூறு வர வேண்டும்.

பிரதேச சபைக்கு எழுதினேன்.
'குளிர்காலத்தில் பராமரிக்கப்படாத வீதி' என்று
பலகை நட்டிருந்தோம் என்றார்கள்.
எங்கே பலகை என்று கேட்டேன்.
பனி வழிக்கிற வண்டி டிசம்பரில் சாய்த்துவிட்டதாம்.
சாய்ந்ததை ஒருவரும் அறிவிக்கவில்லையாம்.
ஆகவே, ஆவணப்படி, அது இன்னும் நிற்கிறதாம்.

செயலிக்காரருக்கு எழுதினேன்.
என் கருத்து தங்களுக்கு மிக முக்கியம் என்று
ஒரு இயந்திரம் ஒன்றரை நொடியில் பதில் போட்டது.

பிறகு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன்:
ஏதோ ஒரு யூலையில் எவனோ ஒருவன்
படகைக் கொளுவிக்கொண்டு, பியர் பெட்டியோடு,
தண்ணீர் விளிம்புவரை போயிருக்கிறான்.
அவன் காற்சட்டைப் பைக்குள் இருந்த போன்
புள்ளி புள்ளியாய் நகர்ந்திருக்கிறது.
அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு புள்ளி.
வழிக்கு அவ்வளவு போதும்.
பழிக்குத்தான் கையெழுத்து வேண்டும்.

அந்த மீன்காரனுக்கு என் படிவத்தில் பெட்டி இல்லை.
ஸ்னோ ப்ளோயர் விற்க இருந்தவனுக்கும் இல்லை.
'மேப்பை விடுங்கள், பெற்றோல் நிலையத்தடியில் இடதுபக்கம்' என்று
ஐந்து ஐம்பத்திரண்டுக்கே அவன் அனுப்பிய செய்தி
அதே போனில்,
அதே மேப்புக்குக் கீழே
திறபடாமல் கிடந்தது.

வாக்குமூலம் தொலைபேசியில், தமிழில், பதினோரு நிமிடம்.
நானே கேட்டு நானே ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

"ரோட்டு முடியிற மாதிரித்தான் கிடந்தது, தங்கச்சி.
லைட்டும் இல்லை. ஆனா அவ திரும்பச் சொன்னவ.
நான் திரும்பினன்."

யார் சொன்னது, ஐயா?

"போனுக்குள்ளை இருக்கிறவ."

நாலு நொடி ஒன்றும் இல்லை.
குழாயில் தண்ணீர் ஓடுகிறது, நிற்கிறது.
பிறகு தூரத்தில், பாத்திரம் வைக்கும் சத்தத்துக்கு மேலால்:
"நானும்தான் திரும்பத் திரும்பச் சொன்னனான்,
வந்த வழியே திரும்பச் சொல்லி."

மூன்று தரம் ஓடவிட்டேன்.
முதல் தரம் சிரித்தேன், பொய் சொல்லவில்லை.
ஒரே சொல்லில்
ஒருத்தி ஏரிக்கு என்கிறாள், ஒருத்தி வீட்டுக்கு என்கிறாள்.
முதலாமவளுக்குக் களைப்பில்லை.
எத்தனை தரம் தவறவிட்டாலும்
ஒரு பெருமூச்சும் விடாமல் இன்னொரு வழி சொல்வாள்.
மற்றவளுடையது இருபத்தாறு வருடத்துக் குரல்.
வண்டிக்குள் அது ரேடியோ மாதிரி,
போய்க்கொண்டே இருக்கும்.

விதி எனக்குத் தெரியும்.
தனி வாகனம், வேறெதனோடும் மோதவில்லை:
சாரதி, நூறு வீதம்.
எழுதினேன்.

பின்னணிக் குரலுக்கு ஒரு வரி விட்டிருந்தார்கள்.
மணி நாலு ஐம்பது. மேசையில் இன்னும் ஆறு கோப்பு.
அவ சொன்னதைச் சொன்னபடியே போட்டால்
அவ சாட்சி.
சாட்சி என்றால் இன்னொரு அழைப்பு,
இன்னொரு பதினோரு நிமிடம்,
புருஷன் பக்கத்தில் நிற்க.

'குரல் தெளிவில்லை' என்று அடித்தேன்.

கண்ணாடி மாதிரிக் கேட்டது.