வராத ரயில்கள் ஏழு

சாரிபுலாக்கிலிருந்து ரயில் பாதை
பதினோரு கிலோமீட்டர்.
பகலில் அப்படியொரு பாதை இருப்பதே தெரியாது,
புல்வெளிதான், வானம்தான்.
சில இரவுகளில் மட்டும்
லாயத்துக்குப் பின்னாலேயே வந்து நின்று கூவும்.

"ராத்திரியில் சந்தடி இல்லை, அதனால் கேட்கிறது" என்றேன் நான்.
"தெற்குக் காற்று தூக்கிவருகிறது" என்றாள் ஷோல்பான்.
அவள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பு;
ரயில் விஷயத்தில் கடைசிச் சொல் தன்னுடையது என்ற நினைப்பு.
வகுப்பில் சண்டை. கஞ்சி ஆறும்வரை சண்டை.
வாய் வலித்த பிறகுதான்
ஆளுக்கொரு நோட்டு வாங்கினோம்.

ஒப்பந்தம் இது:
இரவுச் சரக்கு ரயில் சில நாள் வரும், சில நாள் வராது.
வந்தால் அவள் நேரம் குறிப்பாள்.
இங்கே எனக்குக் கேட்டால் நான் குறிப்பேன்.
நாற்பது இரவு முடியும்வரை
ஒருத்தி நோட்டை மற்றவள் பார்க்கக் கூடாது.
"நேற்று வந்ததா?" என்று
கண்ணால்கூடக் கேட்கக் கூடாது.

மார்ச்சில் இரண்டையும் அருகருகே விரித்தோம்.
நான் கேட்டதாய் எழுதியவை இருபத்தொன்பது.
அவள் எழுதியதோடு பொருந்தியவை இருபத்திரண்டு.
மீதி ஏழு இரவு
ரயிலே வரவில்லை.

நான் பொய் எழுதவில்லை.
கேட்டது. மூக்கு உறைய நின்று கேட்டேன்.
காதால் கேட்பதும் பொய் என்பார்கள்;
எத்தனை பங்கு பொய் என்று
எண்ணிச் சொன்னவரைத்தான் காணோம்.
நான் எண்ணினேன்:
இருபத்தொன்பதில் ஏழு.

அன்றிலிருந்து, எத்தனை முறை கூவியது
என்பதையும் எழுத வேண்டும் என்று விதி.
ஆசைக்குக் கூவத் தெரியும்,
கணக்காய்க் கூவத் தெரியாது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதிப் பக்கம்தான்
என் கட்சியைச் சாய்த்தது.
மேகம் மூடிய இரவு, நாய்கூடக் குரைக்கவில்லை,
பனி விழும் ஓசை கேட்கலாம் போன்ற அமைதி.
ரயில் வந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.
(எங்கள் சாம்பல் குதிரை மட்டும் காதைத் திருப்பியது.
அதையும் எழுதியிருந்தேன், ஒரு கேள்விக்குறியோடு.)
ஷோல்பான் சிரிக்கத் தொடங்கினாள்;
காற்றே இல்லாத ஒன்பது இரவுகளில்
எனக்குத் தெளிவாய்க் கேட்டிருந்ததைக் காட்டினேன்.
சிரிப்பு நின்றது.
இருவரும் தோற்ற அந்த மதியம்
ஏனோ இருவருக்குமே பசித்தது.

கேட்ட இரவுகளில் பொதுவாய் என்ன இருந்தது?
நட்சத்திரம். கடுங்குளிர். அசையாத புகை.
அடுத்த குளிர்காலம்
ஒரு வெப்பமானியை முழங்கால் உயரத்தில் கட்டினோம்,
இன்னொன்றைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில்.
தெளிந்த இரவில் தரைதான் முதலில் குளிர்கிறது;
மேலே காற்று வெதுவெதுப்பாய் மிதக்கிறது.
வெதுவெதுப்பில் ஒலிக்குக் கால் வேகம்.
ஒரு சக்கரம் முந்தினால் வண்டி திரும்புமே,
அப்படி, வானுக்குத் தப்பப் பார்த்த கூவல்
வளைந்து நம் முற்றத்தில் இறங்குகிறது
என்று நினைத்தோம்.

நினைப்புதான். முன்பும் நினைத்தோம்.
ஆகவே இம்முறை மாலையிலேயே
இரண்டு வெப்பமானியையும் பார்த்து
'ரயில் வந்தால் கேட்கும்' அல்லது 'கேட்காது' என எழுதி
உறையில் ஒட்டிவிடுவேன்.
இரவில் கேட்பது என் வேலையல்ல;
உறையைப் பார்க்காத என் அண்ணன் தௌலெத்தின் வேலை.
முப்பத்தொரு ரயில்களில் இருபத்தாறு சரி.

ஐந்து தவறு. அவற்றை அழிக்கவில்லை.
அவற்றில் ஓர் இரவு, மேலே குளிர், கீழே வெப்பம்,
கேட்டிருக்கவே கூடாது;
தௌலெத் எழுதியது மூன்று கூவல்.
ஷோல்பான் எழுதியதும் மூன்று.
ஏன் என்று எனக்குத் தெரியாது.

எங்கோ ஒரு தண்டவாளத்துக்குத் தொலைவில்
எங்களை அறியாத யாராவது
இதையே செய்து பார்க்க வேண்டும்.
நாங்கள் தவறு என்று அவர்கள் எழுதினால்
முதலில் கோபம் வரும். பிறகு அந்தக் கடிதத்தை
இன்னொரு முறை வாசிப்போம்.

இன்று மேகம்.
'கேட்காது' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.
என் முறை இல்லைதான்,
இருந்தும் தொப்பியின் காதுமடலை உயர்த்திக்கொண்டு
லாயத்துக்குப் பின்னால் நிற்கிறேன்.