சிரிப்பு முதலில் வரும்

வியாழன் இரவு ஒன்பதரை.
சார்ஜா அல் நஹ்தா, ஏழாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை.
சோபாவில் மூன்று பேர், ஒரு போர்வை,
பதினாறிலிருந்து ஏறவே ஏறாத ஏசி.
பிள்ளைகளுக்கு நாளை விடுமுறை, இது சார்ஜா.
எனக்கு இல்லை, என் மேசை துபாயில் இருக்கிறது.

தொடரில் வருகிறவளுக்கும் என் கணக்குதான்.
புருஷன் இல்லை, வேலை உண்டு, இரண்டு பெண்கள்.
ஆனால் அவள் வீட்டுக்குள் நுழைந்தால்
கண்ணில் படாத முந்நூறு பேர் கைதட்டுகிறார்கள்.
வாசலில் நின்றபடியே கைப்பையை வீசுகிறாள்,
அது போய் ஒழுங்காகக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது.
நான் நுழையும்போது
கார் லிஃப்ட் ஓட்டும் ஷம்சுக்கா கீழேயிருந்து ஹார்ன் அடிக்கிறார்:
இன்றைக்கும் டிபன் டப்பா அவர் வண்டியில்.

ஜெபிஷாவுக்குப் பதினைந்து. எதையும் ஆராய்வாள்.
"கவனிச்சியாம்மா? சிரிப்பு முதல்ல வருது,
அப்புறம்தான் ஜோக்கு."
மெர்லினுக்கு ஒன்பது.
விளம்பரத்துக்கும் சிரிப்பாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை
அவளுடைய பழைய புருஷன் கதவைத் தட்டுவான்,
கையில் பீட்சா, முகத்தில் அசடு.
எங்கள் வீட்டுக்கு அவர் வருவது வருடத்துக்கு ஒரு முறை,
ஒரு தாளாக,
மார்த்தாண்டம் நோட்டரியின் முத்திரை குத்தி:
மகள்கள் இருவரும் தாயின் விசாவில் இருப்பதில்
எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.
பதினொரு வருடக் குடித்தனத்தில்
எதற்கும் ஆட்சேபணை சொல்லாமல் விட்டதில்லை மனுஷன்.
எனக்கு அவர் எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான்.

இன்றைய பகுதியில் அவளுக்கு வேலை போகிறது.
மேலாளரின் காபிக் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டு
ஒரு பூந்தொட்டியோடு வெளியே வருகிறாள்.
பெரும் சிரிப்பு.
ராத்திரி பெண்களோடு தரையில் உட்கார்ந்து
ஒரே டப்பாவில் மூன்று கரண்டி விட்டு ஐஸ்கிரீம்.
மெர்லின் கேட்டாள்:
"அப்போ அவங்க விசா?"
"அது அவங்க ஊருடி. யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."
"அப்போ எதுக்குப் பயப்படுறாங்க?"
ஜெபிஷாவிடம் அதற்குப் பதில் இல்லை.
டிவி மட்டும் சிரித்தது.

திங்கட்கிழமையிலிருந்து என் பையில் ஒரு உறை கிடக்கிறது.
ஏற்றுமதி பில் பிரிவைப் புனேவுக்கு மாற்றுகிறார்களாம்.
நானூறு கண்டெய்னர்களுக்கு வழி சொன்னவள்
நான்கு நாளாக
இரண்டு பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தை
ஏற்றி இறக்க முடியாமல் நிற்கிறேன்.

எழுந்தேன். பையை எடுத்தேன்.
வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.
எதிர் ஃபிளாட் சிரியாக்காரர் குப்பைப் பையோடு
ஒரு மாதிரிப் பார்த்தார்.
காலிங் பெல்லை அடித்தேன்.

"யாரு?"
"கதாநாயகி."

வாசலில் நின்றபடியே வீசினேன்.
கொக்கியைத் தாண்டி, ஜன்னல் திரையைத் தாண்டி
ரைஸ் குக்கர் மேல் விழுந்து வாய் பிளந்தது பை.
நோல் கார்டு, சீப்பு, பாதி கடித்த கசூர், பனடால்.
மெர்லின் போர்வையோடு உருண்டாள்.
ஜெபிஷாவுக்கே அடக்க முடியவில்லை,
மூக்கு வழியாக ஒரு சத்தம்.

சிரிப்பு முதலில் வந்தது.
அப்புறம்தான் சொன்னேன்.

ஜெபிஷா ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் குறைத்தாள்.
உறையை எடுத்து இரண்டு தடவை படித்தாள்,
இரண்டாவது தடவை விரல் வைத்து.
"வாடகைச் செக் எப்போ?"
"பதினாலு."
காலண்டரில் எண்ணினாள்.
எண்ணி முடித்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

திரையில் அடுத்த வாரத்துக்கு முன்னோட்டம்.
அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, நாற்பதே நொடியில்.
தலைமுடி கூடக் கலையவில்லை.

மெர்லின் பேசவில்லை.
குக்கரடியில் சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டாள்,
கசூர்க் கொட்டை உட்பட.
ஜிப்பை இழுத்து மூடினாள்.
என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னொரு வாட்டி வீசும்மா.
கொஞ்சம் இடது பக்கமா."